கிளூ விரிகுடாக் கரையில் மிதிவண்டிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பாதை? எங்கே இருக்கிறது?

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், வெஸ்ட்போர்ட் என்னும் ஊரில் தொடங்கி, நியூபோர்ட், முல்ரானி ஆகிய ஊர்களைக் கடந்து, ஆக்கில் தீவின் வாசல்வரை செல்லும் சுமார் 42 கிலோமீட்டர் நீளப் பாதை இது. கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே என்பது இதன் பெயர். மோட்டார் வாகனங்களுக்கு இடம் தராமல், நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் மட்டுமே ஒதுக்கிய நீண்ட பாதையை அங்கே கிரீன்வே என்று அழைக்கிறார்கள்; நாம் பசுமைவழி என்று சொல்லிக்கொள்ளலாம். பாதையின் தெற்கே கிளூ விரிகுடாவும் அதில் இறைந்து கிடக்கும் தீவுகளும், வடக்கே நெஃபின் பெக் மலைத்தொடரும், விரிகுடாவின் எதிர்க்கரையில் குரோக் பாட்ரிக் என்னும் கூம்பு வடிவ மலையும் பயணம் முழுவதும் மாறி மாறித் துணை வருகின்றன.

ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடத்தின்மேல் அமைந்த பாதை இது. பாதையின் சாய்வும் வளைவும், அது கடக்கும் பாலங்களும், இந்த மண்ணின் சோகங்களில் சிலவும் அந்த ரயில் விட்டுச்சென்றவை என்பதால், கீழே வரும் பதில்களில் ரயிலின் பேச்சு திரும்பத் திரும்ப வரும்.

உண்மையாகவே மோட்டார் வாகனம் வராதா?

பெரும்பகுதியில் வராது. தடம் சாலையிலிருந்து தனியே விலகி, வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் ஊடாகச் செல்கிறது. ஆனால் முழுப் பாதையையும் அப்படியே நினைத்துக்கொண்டு, குழந்தைகளைக் கண்பார்வைக்கு அப்பால் முன்னால் ஓட விட்டுவிடக் கூடாது. சில இடங்களில் பாதை சிறு கிராமச் சாலைகளையும் பண்ணை வழிகளையும் குறுக்கே கடக்கிறது. என்59 என்னும் தேசியச் சாலையைக் கடக்கும் இடங்களில் கார்கள் விரைவாகவே வரும். வெஸ்ட்போர்ட்டுக்கும் நியூபோர்ட்டுக்கும் இடையில் சில தொலைவு அந்தச் சாலைக்கு அருகிலேயே பாதை செல்வதால் இரைச்சல் காதில் விழும். நியூபோர்ட் ஊருக்குள் ஊர்த்தெருவையே பயன்படுத்த வேண்டியிருக்கும். அயர்லாந்திலும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் செல்வதுதான் விதி என்பது தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களுக்கு ஆறுதலான செய்தி.

ரயில் ஏன் வந்தது, ஏன் போனது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தின் மேற்குக் கரை ஐரோப்பாவின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. உருளைக்கிழங்குப் பஞ்சம் ஓய்ந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகியும் மேயோவின் சிறு குடியானவர்கள் எழுந்து நிற்க முடியவில்லை. அப்போது பிரிட்டிஷ் அரசின் சார்பில் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த ஆர்தர் பால்ஃபர், லாபம் தராது என்று ரயில் நிறுவனங்கள் ஒதுக்கிய வறிய கரையோரங்களுக்கு அரசுப் பணத்தில் ரயில் போடும் திட்டத்துக்கு 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழி திறந்தார். அந்தத் திட்டத்தின்கீழ் வெஸ்ட்போர்ட்டிலிருந்து மேற்கே போடப்பட்ட தடத்தில் மிட்லாண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனம் வண்டிகளை ஓட்டியது. 1894-இல் ரயில் நியூபோர்ட்டையும் முல்ரானியையும் எட்டியது. 1895-இல் ஆக்கில் நிலையம்வரை சென்றது. அந்த நிலையமும் தீவில் இல்லை; நிலப்பகுதியின் விளிம்பில், தீவைப் பிரிக்கும் கடல்வாய்க்காலின் இக்கரையில்தான் இருந்தது.

இந்த ரயிலைப் பற்றி மேயோவில் இன்றும் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கருதப்படும் பிரையன் ருவா என்னும் குறிசொல்லி, இரும்புச் சக்கரங்கள் பூண்ட வண்டிகள் நெருப்பும் புகையும் கக்கியபடி இவ்வழியே வரும் என்றும், அவற்றின் முதல் பயணமும் கடைசிப் பயணமும் பிணங்களைச் சுமக்கும் என்றும் முன்கூட்டியே சொன்னாராம். வாய்மொழி மரபை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் நடந்தது ஆவணத்தில் இருக்கிறது. 1894 ஜூன் 14 அன்று, ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு அறுவடை வேலைக்காகப் புறப்பட்ட ஆக்கில் இளைஞர்களையும் இளம்பெண்களையும் ஏற்றிக்கொண்டு வந்த பாய்மரப் படகொன்று, வெஸ்ட்போர்ட் துறைக்கு அருகில் கவிழ்ந்தது. அங்கே காத்திருந்த நீராவிக் கப்பலைப் பார்ப்பதற்காகப் பயணிகள் படகின் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று சொல்வார்கள். 32 பேர் இறந்தார்கள். வேலைகள் முடியாமலும் முறைப்படி திறக்கப்படாமலும் இருந்த தடத்தில், அவர்களுடைய உடல்களைச் சுமந்துகொண்டு ஒரு சிறப்பு ரயில் ஆக்கிலை நோக்கிச் சென்றது.

பிறகு 43 ஆண்டுகள் கழித்து, 1937 செப்டம்பர் 16 அன்று, ஸ்காட்லாந்தின் கெர்க்கின்டிலாக் ஊரில் அதே உருளைக்கிழங்கு வேலைக்குப் போயிருந்த ஆக்கில் பிள்ளைகள் பத்துப் பேர், அவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்து இறந்தார்கள். அவர்களும் இந்தத் தடத்திலேயே வீடு திரும்பினார்கள். இரண்டு வாரங்களில் தடம் நிரந்தரமாக மூடப்பட்டது. வறுமையைப் போக்க வந்த ரயில், வேலை தேடி வெளியேறும் இளைஞர்களைச் சுமக்கும் வண்டியாகவே பெரும்பாலும் ஓடி முடிந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் கதை தமிழ் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரயில் போன பிறகு இந்த நிலம் யாருடையது? நாம் யாருடைய நிலத்தில் ஓட்டுகிறோம்?

பலரும் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. என் பார்வையில் இதுவே முதலில் கேட்க வேண்டியது. தடம் மூடப்பட்ட பின், ரயில் நிலம் பெரும்பாலும் அடுத்திருந்த விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, புல் முளைத்து, எழுபது ஆண்டுகள் ஆடுமாடுகள் மேய்ந்த நிலம் அது. பாதை அமைக்க மேயோ மாவட்ட மன்றம் முடிவு செய்தபோது, நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தாமல், ஒவ்வொரு நில உரிமையாளரிடமும் பேசி அனுமதி பெறும் வழியைத் தேர்ந்தெடுத்தது. நிலம் இன்றும் அவர்களுடையது. பொதுமக்கள் கடந்துபோக இசைவு தந்திருக்கிறார்கள், அவ்வளவே. நியூபோர்ட்டுக்கும் முல்ரானிக்கும் இடைப்பட்ட பகுதி 2010-இல் முதலில் திறக்கப்பட்டது. 2011-இல் முழுப் பாதையையும் அன்றைய பிரதமரும் மேயோக்காரருமான எண்டா கென்னி திறந்து வைத்தார்.

இந்த இசைவின் அருமை மேயோவின் வரலாற்றை அறிந்தவர்களுக்குப் புரியும். குத்தகை விவசாயிகளுக்காக 1879-இல் நிலச் சங்கம் பிறந்தது இந்த மாவட்டத்தில்தான். அதைத் தோற்றுவித்த மைக்கேல் டேவிட் மேயோவில் பிறந்தவர். 1880-இல் இதே மாவட்டத்தில் சார்லஸ் பாய்காட் என்னும் நில முகவரை ஊரார் முழுமையாகப் புறக்கணித்ததிலிருந்துதான், நாம் நாள்தோறும் பயன்படுத்தும் 'பாய்காட்' என்ற சொல்லே உலகுக்கு வந்தது. அந்தப் பாய்காட் அதற்கு முன்பு பல ஆண்டுகள் ஆக்கில் தீவில் வசித்தவர். நிலத்துக்காக அவ்வளவு போராடிப் பெற்ற மக்களின் வழித்தோன்றல்கள், முன்பின் தெரியாத பயணிகள் தங்கள் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே போகட்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாதையில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து தொடங்குவதா, ஆக்கிலிலிருந்து தொடங்குவதா?

ஆக்கிலிலிருந்து கிழக்கு நோக்கி வருவதையே பரிந்துரைப்பேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வீசுகிறது. அதைத் தடுக்க அங்கே மரங்களும் குறைவு. நான் முதன்முறை வெஸ்ட்போர்ட்டிலிருந்து புறப்பட்டேன். முல்ரானிவரை இனிமையாகச் சென்ற பயணம், அதற்குப் பின் எஞ்சிய 13 கிலோமீட்டரில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டுவதாக மாறியது. தலையைக் குனிந்தே ஓட்டியதால், அந்தப் பகுதியின் கடலை நான் அன்று சரியாகப் பார்க்கவே இல்லை. அடுத்த முறை ஆக்கிலில் தொடங்கியபோது, காற்று முதுகைத் தள்ள, கைகளைத் தளர்த்திக்கொண்டு இருபுறமும் பார்த்தபடி வர முடிந்தது.

இதற்கு ஏற்பாடும் எளிது. வெஸ்ட்போர்ட்டில் மிதிவண்டி வாடகைக்குக் கொடுக்கும் கடைகள், காலையில் உங்களையும் வண்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஆக்கிலிலோ முல்ரானியிலோ இறக்கிவிடுகின்றன. கடைசிக் கடமை வெஸ்ட்போர்ட்டில் வண்டியைத் திருப்பித் தருவது மட்டுமே என்பதால், நேரத்துக்கு வேன் பிடிக்க வேண்டிய பதற்றமும் இருக்காது. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாள்களும் உண்டு. முந்தைய இரவு வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திசையை முடிவு செய்யுங்கள்.

பாதையின் மூன்று பகுதிகளிலும் என்னென்ன இருக்கின்றன? ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஆக்கில்–முல்ரானிப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கடலுக்கு மிக நெருக்கமான பகுதி இதுவே. ஒரு பக்கம் உப்புநீர்ச் சதுப்பும் பாறைக் கரையும், மறுபக்கம் மரமற்ற மலைச்சரிவும், நடுவில் கோடு கிழித்தாற்போல் பழைய ரயில்தடமும். மலையடிவாரத்தில் பீட் எனப்படும் சதுப்புக்கரியை வெட்டி அடுக்கிக் காயவைத்திருப்பதைக் காணலாம். அந்த ஊர்களில் சில வீட்டு அடுப்புகளிலிருந்து வரும் மண்வாசனை கலந்த புகை அதனுடையதுதான். பெரிய மரங்கள் இல்லாததால் வானம் அகன்று தெரிகிறது. மழை உங்களை நோக்கி விரிகுடாவைக் கடந்து வருவதைப் பத்து நிமிடங்களுக்கு முன்பே பார்க்க முடியும்.

முல்ரானி ஒரு சிற்றூர். ரயில் நிறுவனமே 1897-இல் இங்கே கடலைப் பார்த்தபடி ஒரு விடுதி கட்டியது; இன்றும் அந்தக் கட்டடத்தில் விடுதி நடக்கிறது, பாதை அதன் பின்புறமாகவே செல்கிறது. ஊருக்குக் கீழே, உப்புச் சதுப்பின் குறுக்கே நடந்து கடற்கரைக்குப் போகும் பழைய கல்வழி ஒன்று உண்டு. மிதிவண்டியைப் பூட்டி வைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கே நடந்து வருவது, அந்த நாளின் மிக நல்ல அரை மணி நேரமாக அமையலாம். நிலநடுக்கடல் நாடுகளுக்கு உரிய ஒருவகை ஹீத் செடி இங்கே தழைத்து, மற்ற செடிகள் உறங்கும் குளிர்கால முடிவிலேயே இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. பழைய ஐரிஷ் இனத்தைச் சேர்ந்த காட்டாடுகளும் இந்த ஊர் மலைகளில் எஞ்சியிருக்கின்றன.

முல்ரானி–நியூபோர்ட் பகுதி மூன்றிலும் நீளமானது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர். விரிகுடாவின் தீவுகள் இங்கிருந்துதான் கூட்டமாகத் தெரிகின்றன. சில இடங்களில் தடத்தின்மேல் வீடுகளும் பண்ணைகளும் வந்துவிட்டதால் பாதை விலகி ஏறி இறங்குகிறது. வழியிலிருந்து சற்று விலகிக் கடலோரத்துக்குப் போனால் ராக்ஃப்ளீட் என்னும் ஒற்றைக் கோபுரக் கோட்டை நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கடலையே தன் ஆணைக்குள் வைத்திருந்த கிரேஸ் ஓமாலியின் கோட்டை அது. கப்பல்களை நடத்தி, வரி வசூலித்து, ஆங்கிலேய ஆளுநரோடு மோதி, 1593-இல் லண்டன் சென்று முதலாம் எலிசபெத் அரசியை நேரில் சந்தித்துத் தன் குடும்பத்தாருக்காக வாதாடிய பெண் அவர். இருவரும் லத்தீனில் பேசிக்கொண்டார்கள் என்பது மரபு. அலை தொட்டு நிற்கும் அந்தக் கோபுரத்தின் அடியில் நின்றால், படகு இல்லாமல் இந்த நாட்டை ஆள முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். நியூபோர்ட்டை நெருங்கும்போது பரிஷூல் மடாலயத்தின் இடிபாடுகளும் நீர்விளிம்பில் இருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவிகளுக்காகக் கட்டப்பட்டது.

நியூபோர்ட் ஊரின் நடுவே, ஆற்றின்மேல் செம்மணற்கல்லால் கட்டிய ஏழு வளைவு ரயில் பாலம் நிற்கிறது. இப்போது அதன்மேல் மனிதர்கள் நடக்கிறார்கள். பாலத்தை மேலிருந்து கடப்பதோடு நிறுத்திவிடாமல், ஆற்றங்கரைக்கு இறங்கி அண்ணாந்தும் பாருங்கள். ஊரின் புனித பாட்ரிக் ஆலயத்தில், ஹாரி கிளார்க் என்னும் புகழ்பெற்ற ஐரிஷ் கலைஞரின் வண்ணக்கண்ணாடிச் சாளரம் இருக்கிறது.

நியூபோர்ட்–வெஸ்ட்போர்ட் பகுதி ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மேய்ச்சல் நிலங்கள், புதர்வேலிகள், சாலையின் அருகாமை. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் எளிய பகுதி. வெஸ்ட்போர்ட்டை அடைந்த பின்னும் கால்களில் வலு இருந்தால், ஊரிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் பழைய ரயில்தடத்தின் இன்னொரு துண்டிலும் போய்க் கடலைத் தொட்டுவிட்டு வரலாம்.

விரிகுடாவில் 365 தீவுகள் என்கிறார்களே, உண்மையா?

ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தீவு என்பது ஊர்வழக்கு. உண்மையில் அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். எண்ணிக்கையைவிட அவற்றின் வடிவம் வியப்பானது. பனியூழிக் காலத்தில் நகர்ந்த பனிப்பாறைகள் மண்ணையும் கல்லையும் திரட்டி, கவிழ்த்த முட்டையோட்டைப் போன்ற சிறு குன்றுகளை வரிசையாக விட்டுச் சென்றன. பனி உருகிக் கடல் மட்டம் உயர்ந்தபோது பள்ளங்கள் நீரில் மூழ்க, குன்றுகளின் தலைகள் தீவுகளாயின. நியூபோர்ட்டைச் சுற்றி நீங்கள் மிதிவண்டியில் ஏறி இறங்கும் பசும்புல் மேடுகளும், கடலில் தெரியும் தீவுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இதைத் தெரிந்துகொண்ட பின், எந்த மேட்டில் ஏறினாலும் கடல் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் இதுவும் ஒரு தீவு என்ற எண்ணம் வராமல் இராது. இந்தத் தீவுகளில் ஒன்றான டோரினிஷை 1967-இல் இசைக்கலைஞர் ஜான் லெனன் விலைக்கு வாங்கினார்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. ஜூனில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டத் தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் அதிகம் என்பதால், வாடகை வண்டியையும் தங்குமிடத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஜூலையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை 764 மீட்டர் உயரமுள்ள குரோக் பாட்ரிக் மலைமீது ஆயிரக்கணக்கானோர் புனித யாத்திரையாக ஏறுவார்கள். வெறுங்காலோடு ஏறுவோரும் உண்டு. அந்த வார இறுதியில் வெஸ்ட்போர்ட்டில் அறை கிடைப்பது கடினம்.

என் விருப்பம் மே மாதம். முட்புதர்களில் கோர்ஸ் மலர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும், கூட்டம் குறைவு, காற்றில்லாத மாலைகளில் மொய்க்கும் மிட்ஜ் என்னும் பொடிக் கடிபூச்சிகளும் இன்னும் பெருகியிருக்காது.

மழை பெய்தால்?

பெய்யும். மேற்கு அயர்லாந்தில் ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் மழை நாள்களே. ஆனால் நம் வடகிழக்குப் பருவமழையைப் போல நாள் முழுவதும் கொட்டுவது அரிது. கால் மணி நேரம் சாரல், பிறகு வெயில், மீண்டும் சாரல் என்று மாறிக்கொண்டே இருக்கும். கோடையிலும் வெப்பநிலை 15 முதல் 20 பாகைக்குள்தான் இருக்கும் என்பதால், நனைந்த பருத்தித் துணியோடு காற்றில் ஓட்டினால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். பருத்தியைத் தவிர்த்து, விரைவில் காயும் துணியை உள்ளேயும், காற்றையும் நீரையும் தடுக்கும் மேலாடையை வெளியேயும் அணியுங்கள். குடை எதற்கும் பயன்படாது. மாற்றுக் காலுறை ஒரு சோடியை நெகிழிப் பையில் சுற்றி வைத்திருப்பது பெரிய செல்வம்.

வயதானவர்களாலும் குழந்தைகளாலும் ஓட்ட முடியுமா?

முடியும், இந்தப் பாதையின் சிறப்பே அதுதான். நீராவி ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் மெல்லிய சாய்வில் தடத்தை இழுத்தார்கள். அவர்கள் இயந்திரத்துக்காகச் செய்த அந்த உபகாரம் இன்று அறுபது வயது முழங்காலுக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் பயன்படுகிறது. பழைய தடத்தை விட்டு விலகும் இடங்களில் மட்டும் சிறிய, செங்குத்தான ஏற்றங்கள் வரும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் குறையொன்றுமில்லை.

பாதையின் மேற்பரப்பு பெரும்பாலும் இறுக்கிய கல்தூள். சில இடங்களில் தார். பந்தய வண்டியின் ஒல்லியான சக்கரங்களைவிடச் சற்று அகன்ற சக்கரங்கள் நல்லவை. வாடகைக் கடைகளில் குழந்தை இருக்கை, பின்னால் இழுத்துச் செல்லும் குழந்தை வண்டி, மின்மிதிவண்டி ஆகியவை கிடைக்கும். நாற்பது கிலோமீட்டரை ஒரே நாளில் ஓட்டப் பழக்கமில்லாதவர்கள், முல்ரானியில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். பழக்கம் உள்ளவர்களும் அப்படிச் செய்யலாம் என்பேன். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அணியுங்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாக அணிவியுங்கள்.

வெஸ்ட்போர்ட்டுக்கு எப்படிச் செல்வது?

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து வெஸ்ட்போர்ட்டுக்கு நேரடி ரயில் உண்டு. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். சொந்த மிதிவண்டியைக் கொண்டுசெல்லலாம், ஆனால் ஒரு ரயிலில் மிதிவண்டிகளுக்கான இடங்கள் மிகச் சிலவே என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே வண்டிக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் அயர்லாந்து இல்லை; ஷெங்கன் விசாவை நம்பி யாரும் வர வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரிட்டிஷ்–ஐரிஷ் கூட்டு ஏற்பாட்டின்கீழ் முத்திரையிடப்பட்ட பிரிட்டன் குறுகிய கால விசாவில், முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்த பின் அயர்லாந்துக்கும் வரலாம்.

வழியில் சாப்பாடு கிடைக்குமா? சைவ உணவு?

வெஸ்ட்போர்ட், நியூபோர்ட், முல்ரானி, பாதையின் மேற்கு முனையான ஆக்கில் சவுண்ட் ஆகிய நான்கு இடங்களிலும் கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் உள்ளன. இடையில் எதையும் நம்ப வேண்டாம். குறிப்பாக முல்ரானிக்கும் நியூபோர்ட்டுக்கும் நடுவில் தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும். சைவர்களுக்கு மதிய வேளையில் பெரும்பாலும் கிடைப்பது காய்கறி சூப்பும், சோடா உப்பு இட்டுச் சுட்ட பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும். குளிர்காற்றில் வந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான உணவு இல்லை. சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பாதையில் ஆடுமாடுகள் வருமா? வேலிக்கதவுகளை என்ன செய்வது?

வரும். செம்மறியாடுகள் பாதையிலேயே படுத்திருப்பதும் உண்டு. மணியடித்து விரட்டாமல், வேகத்தைக் குறைத்து அவை விலகக் காத்திருங்கள். பதறி ஓடும் ஆடு வேலியில் சிக்கிக்கொள்ளும். சினையாட்டுக்கு அது பெருந்தீங்கு. மாட்டின் கன்று அருகில் இருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். கதவு மூடியிருந்தால் கடந்த பின் மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள், விவசாயி ஏதோ காரணத்தோடுதான் திறந்து வைத்திருப்பார். மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கிப் படம் எடுப்பது, வேலியேறிக் கடலுக்குக் குறுக்கு வழி தேடுவது, குப்பையை விட்டுச் செல்வது ஆகிய எதுவும் நமக்குத் தரப்பட்ட இசைவில் சேராது. ஓர் உரிமையாளர் மனம் வெறுத்துத் தன் துண்டை மூடிவிட்டால், பாதை அந்த இடத்தில் அறுந்துபோகும். எதிரே நடந்து வருபவருக்கு வழிவிட்டு, பின்னாலிருந்து முந்தும்போது மட்டும் மென்மையாக மணியடியுங்கள்.

வண்டி பழுதானாலோ விபத்து நேர்ந்தாலோ?

வாடகைக் கடையின் தொலைபேசி எண்ணைப் புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பல கடைகள் வழியிலேயே வந்து உதவுகின்றன. மாற்று உள்குழாயும் கைக்காற்றடிப்பானும் உடன் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112 அல்லது 999.

ஆக்கிலில் கூடுதலாக ஒரு நாள் இருந்தால் எங்கே போகலாம்?

பசுமைவழி ஆக்கில் சவுண்டோடு முடிந்துவிடுகிறது. அங்கே கடல்வாய்க்காலைக் கடக்கும் பாலத்துக்கு மைக்கேல் டேவிட்டின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் 1887-இல் அமைந்த முதல் பாலத்தைத் திறந்து வைத்தவர் அவரே. பாலத்துக்கு அப்பால் தீவின் சாலைகள் எல்லாம் வாகனங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவை, காற்றும் ஏற்றமும் மிகுந்தவை. எனவே குழந்தைகளோடு வந்தவர்கள் தீவை வேறு வாகனத்தில் சுற்றிப் பார்ப்பதே நல்லது. கீல் ஊரின் நீண்ட மணற்கரை, ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையிழந்து வரிசையாக நிற்கும் கைவிடப்பட்ட கற்குடில்கள், மேற்குக் கோடியில் மலைகளுக்கு நடுவே பதுங்கியிருக்கும் கீம் குடா ஆகியவை எல்லோரும் செல்லும் இடங்கள். கீமுக்குப் போகும் சாலை செங்குத்துச் சரிவின் விளிம்பில் வளைந்து ஏறுவதால், தேர்ந்த ஓட்டுநர்கள் மட்டுமே அங்கே மிதிவண்டியில் போகலாம்.

இவற்றைவிடக் கூட்டம் குறைந்த இடம் ஒன்று உண்டு. பாலத்தைக் கடந்ததும் இடப்புறம் திரும்பி, கடல்வாய்க்காலை ஒட்டித் தெற்கே செல்லும் சிறு சாலையில் சில கிலோமீட்டர் போனால் கில்டாவ்னெட் வரும். அங்கே கிரேஸ் ஓமாலியோடு தொடர்புபடுத்தப்படும் இன்னொரு கோபுரமும், அதன் அருகே நீர்முகத்தில் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. 1894-இல் படகு கவிழ்ந்து இறந்தவர்களும், 1937-இல் தீயில் இறந்த பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். சாலை அகலமில்லை, வாகனமும் அதிகமில்லை. மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போகலாம்.